கோரா தேவாலயத்தை எந்த வழியாக நடந்து பார்ப்பது?

கேள்வி இது: "இஸ்தான்புல்லில் மூன்று நாள் இருக்கப் போகிறோம். ஹாகியா சோபியா நிச்சயம் பார்ப்போம். கோரா என்று ஒரு பழைய ஆர்த்தடாக்ஸ் தேவாலயம் இருக்கிறதாம். ரொம்பச் சின்னது, ஊரின் ஓரத்தில் இருக்கிறது, இப்போது மசூதியாகிவிட்டது என்கிறார்கள். அதன் வரலாறு என்ன? அங்கே ஓவியங்களில் அப்படி என்ன விசேஷம்? அரை நாள் ஒதுக்கலாமா?"

தாராளமாக ஒதுக்கலாம். மூன்று நாளில் ஒரே ஒரு கட்டடம்தான் பார்க்க முடியும் என்று யாராவது கேட்டால், நான் ஹாகியா சோபியாவைக்கூட விட்டுவிட்டு இதைத்தான் சொல்வேன். ஹாகியா சோபியா ஒரு பேரரசர் எழுப்பியது. அதற்குள் போனால் அண்ணாந்து வாயடைத்து நிற்போம், அவ்வளவுதான். இன்று நாம் கோராவில் பார்ப்பது பெரும்பாலும் ஒரு தனி மனிதர் தன் பணத்தில், தன் சாவை மனதில் வைத்துச் செய்தது. சுவருக்குப் பக்கத்தில் போய் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்க்கலாம். உலகில் மிஞ்சியிருக்கும் பைசாந்திய, அதாவது இந்நகரைத் தலைநகராகக் கொண்ட கிழக்கு ரோமப் பேரரசின், மொசைக்குகளிலும் (சுவரில் நிறச் சில்லுகள் பதித்துச் செய்த படங்கள்) சுவரோவியங்களிலும் மிகச் சிறந்த தொகுப்பு எங்கே என்றால், கலை வரலாறு படித்தவர்களில் பலரும் இந்தச் சின்னக் கட்டடத்தைத்தான் சொல்வார்கள்.

இதன் பெயரைப் புரிந்துகொண்டால் பாதிக் கட்டடம் புரிந்த மாதிரி. கோரா என்ற கிரேக்கச் சொல்லுக்கு நாட்டுப்புறம், நிலம், இடம் என்றெல்லாம் பொருள் உண்டு. பேரரசர் கான்ஸ்டன்டைன் 4-ஆம் நூற்றாண்டில் கட்டிய நகர மதிலுக்கு வெளியே, வயல்வெளியில் இருந்த மடம் என்பதால் இந்தப் பெயர். 5-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் தியோடோசியஸ் காலத்தில் மேற்கே இன்னும் தள்ளிப் புதிய மதில் எழுந்தது. மடம் ஊருக்குள் வந்துவிட்டது, பெயர் மட்டும் ஊர்ப்புறத்து மடம் என்றே நின்றுவிட்டது. பிற்காலத்தில் துருக்கியர் வழங்கிய கரியே என்ற பெயரும், கிராமம் என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

ஆனால் இங்கே வேலை செய்தவர்கள் அந்தச் சொல்லை வெறும் இடப்பெயராக விட்டுவிடவில்லை. கட்டடத்துக்குள் நுழைந்ததும் எதிர்வாசலுக்கு மேல் கிறிஸ்துவின் மொசைக் இருக்கிறது. அதன் அருகில் 'ஜீவனுள்ளோர் தேசம்' என்று கிரேக்கத்தில் எழுதியிருக்கும். 116-ஆம் சங்கீதத்தில் 'ஜீவனுள்ளோர் தேசத்திலே நடப்பேன்' என்று தமிழ் வேதாகமத்தில் வருகிறதே, அந்தத் தேசம்தான் அங்கே கோரா. அப்புறம் திரும்பிப் பாருங்கள். நீங்கள் நுழைந்து வந்த வாசலுக்கு மேலே மரியாள், வயிற்றில் குழந்தையோடு. அவள் அருகில் 'எதிலும் கொள்ளாதவரைக் கொண்ட இடம்' என்ற பொருளில் ஓர் எழுத்து. அங்கேயும் கோராதான். வயல்வெளி என்ற ஒரு சாதாரணச் சொல், ஒரு பக்கம் செத்தவர்கள் பிழைத்து நடமாடும் நாடாகவும், மறுபக்கம் கடவுளைத் தாங்கிய கருப்பையாகவும் மாறி நிற்கிறது. அந்த இரண்டு எழுத்துகளுக்கும் நடுவில்தான் நீங்கள் நின்றுகொண்டிருப்பீர்கள். மற்ற படங்கள் அத்தனையும் இந்த இரண்டு வாசகங்களுக்கு விரிவுரை போல அமைந்திருக்கின்றன என்பது என் கருத்து.

பழைய வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இப்போது நிற்கும் கட்டடத்தின் அடிப்படை 11-ஆம் நூற்றாண்டின் கடைசியில், பேரரசர் முதலாம் அலெக்சியோஸின் மாமியார் மரியா தூக்கைனா கட்டியது. கொஞ்ச காலத்திலேயே அதில் ஒரு பகுதி சரிந்தது. அலெக்சியோஸின் மகன் ஐசக் கொம்னேனோஸ் 1120-ஐ ஒட்டிச் சரிசெய்தார். 1204-இல் மேற்கு ஐரோப்பாவிலிருந்து வந்த நான்காம் சிலுவைப் போர்வீரர்கள் நகரத்தைக் கைப்பற்றிச் சூறையாடினார்கள். 1261-இல் பைசாந்தியர் நகரத்தை மீட்டபோது பல தேவாலயங்கள் பாழடைந்து கிடந்தன. கோராவும் அப்படித்தான்.

இப்போது நம் ஆள் வருகிறார். பெயர் தியோடோர் மெட்டோகிட்டெஸ், பிறந்தது 1270. இவருடைய தந்தை ரோம் சபையோடு ஒன்றுசேர வேண்டும் என்ற கட்சியைச் சேர்ந்த மதகுரு. இரண்டாம் ஆண்ட்ரோனிகோஸ் பேரரசரானதும் அந்தக் கொள்கை தலைகீழானது, தந்தைக்குச் சிறைவாசம் வந்தது. தியோடோருக்கு அப்போது பதின்மூன்று வயது இருக்கலாம். ஆசியா மைனருக்கு (இன்றைய துருக்கியின் ஆசியப் பகுதி) போய்ப் படிப்பிலேயே மூழ்கினார். சுமார் இருபது வயதில், தன் தந்தையைச் சிறையில் வைத்த அதே பேரரசரின் கண்ணில் பட்டார். அந்த இளைஞனின் படிப்பைக் கண்டு வியந்த ஆண்ட்ரோனிகோஸ் அவரை அரண்மனைக்கு அழைத்துக்கொண்டார். தூதராக செர்பியாவுக்குப் போனார், கருவூலத்தின் தலைமைக்கு வந்தார், கடைசியில் பேரரசின் முதலமைச்சர் பதவி வரை உயர்ந்தார். பகல் முழுக்க அரசாங்க வேலை, இரவில் அரிஸ்டாட்டிலும் வானியலும். பதவிகளை விற்றுச் சொத்துச் சேர்த்தார் என்ற புகாரும் அவர் காலத்திலேயே எழுந்தது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் கோராவின் சுவர்களில் மின்னும் தங்கம் அந்தச் சொத்திலிருந்து வந்ததுதான்.

சுமார் 1315-லிருந்து 1321 வரை அவர் கோராவைப் புதுப்பித்தார். மையக் கூடத்தைச் செப்பனிட்டார். மேற்கே உள் முன்மண்டபம், வெளி முன்மண்டபம் என்று இரண்டு, தெற்கே நீளமாக ஒரு சிற்றாலயம், வடக்கே ஓர் இணைப்புக் கட்டடம், மடத்துக்கு ஒரு பெரிய நூலகம் என்று சேர்த்தார். பேரரசு அப்போது எந்த நிலையில் இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அனதோலியா, அதாவது ஆசியா மைனர், துண்டு துண்டாகக் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. கோராவின் வேலை முடிந்து ஐந்தே வருடத்தில், 1326-இல், பூர்சா நகரம் ஒட்டோமானியத் துருக்கியர் வசம் போனது. நிலம் சுருங்கிக்கொண்டிருந்த ஒரு நாட்டின் அமைச்சர், நிலம் என்று பெயர் கொண்ட ஒரு கோயிலை இப்படி இழைத்திருக்கிறார்.

சரி, உள்ளே போகலாம். ஒரே ஒரு வேண்டுகோள்: அவசரமாக மையக் கூடத்துக்கு ஓடாதீர்கள். அங்கே மிஞ்சியிருக்கும் மொசைக்குகள் மூன்றே மூன்று. கதை முழுக்க முன்மண்டபங்களில் இருக்கிறது.

இயேசுவின் குழந்தைப் பருவமும் ஊழியமும் வெளி முன்மண்டபத்தில் வளைவுகளிலும் குவிந்த கூரைகளான கவிகைகளிலும் ஓடுகின்றன. பெத்லகேமுக்குப் பயணம், சாஸ்திரிகள், ஏரோது, குழந்தைகளின் படுகொலை, கானாவூர்க் கலியாணம், அப்பங்களைப் பெருக்கியது. இதில் ஒரு காட்சியை மட்டும் தேடிக் கண்டுபிடியுங்கள். லூக்கா சுவிசேஷத்தில் சிரேனியு தேசாதிபதியாக இருந்தபோது குடிமதிப்பு எழுதினார்கள் என்று ஒரு வரி வரும். பைசாந்தியக் கலையில் மிக அரிதாகவே வரையப்பட்ட இந்த வரி இங்கே ஒரு முழுக் காட்சியாக விரிகிறது. ஆளுநர் ஆசனத்தில் உட்கார்ந்திருக்கிறார், எழுத்தர் சுருளை நீட்டிப் பிடித்திருக்கிறார், காவலன் நிற்கிறான். நடுவில் மரியாள், வயிற்றுப் பிள்ளைக்காரி, தலையைச் சற்றே குனிந்து தனியாக நிற்கிறாள். அலுவலர்களின் உடை பைசாந்திய அரசு அலுவலர்களின் உடை. இந்தக் காட்சிக்கு ஏன் இவ்வளவு இடம் என்று யோசித்தால், பணம் கொடுத்தவர் பேரரசின் வரித்துறைக்கே தலைவர் என்பது நினைவுக்கு வரும். ஆய்வாளர்கள் இந்தத் தொடர்பைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். எனக்கும் அது சரி என்றே படுகிறது. தன் தொழிலும் இறைவனின் கதையில் எங்கோ ஒரு மூலையில் இடம்பெற்றிருக்கிறது என்று அவர் காட்ட விரும்பியிருக்கலாம்.

உள் முன்மண்டபம் மரியாளின் வீடு. அவளுடைய பிறப்பும் சிறுவயதும் நான்கு சுவிசேஷங்களில் இல்லை. யாக்கோபின் பெயரில் வழங்கும் ஒரு பழைய நூலிலிருந்து இந்தக் கதைகள் வந்தன. பிள்ளையில்லாத யோவாக்கிமும் அன்னாளும் படும் வேதனை, தேவதூதன் தரும் செய்தி, குழந்தை பிறப்பது, ஆலயத்தில் அவளை விடுவது, தூதன் அவளுக்கு அப்பம் கொண்டுவருவது என்று வரிசையாக வருகின்றன. ஆறு மாதக் குழந்தை முதன்முதலாக ஏழு அடி நடந்து தாயிடம் போகும் காட்சி ஒன்று. பின்னால் குனிந்து தாங்கிப் பிடிக்கும் பணிப்பெண்ணின் மேலாடை காற்றில் வில்லாக வளைந்து பறக்கும். இன்னொன்றில் யோவாக்கிமும் அன்னாளும் குழந்தையை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் அணைத்துக் கொஞ்சுகிறார்கள். பைசாந்தியக் கலை விறைப்பானது, உணர்ச்சியற்றது என்று பள்ளிக்கூடத்தில் படித்த யாரும் இந்தப் படத்துக்குக் கீழே ஐந்து நிமிடம் நின்றால் போதும்.

இதே மண்டபத்தின் தென்கோடியில் மரியாளும் கிறிஸ்துவும் நிற்கும் மிகப் பெரிய மொசைக் இருக்கிறது. கீழ்ப்பகுதி உதிர்ந்துபோயிருந்தாலும் அதன் கம்பீரம் போகவில்லை. அவர்கள் காலடியில் இரண்டு சிறிய உருவங்கள் தெரியும். ஒருவர் ஐசக் கொம்னேனோஸ். தனக்கு இருநூறு வருடம் முன்பு இங்கே வேலை செய்தவரை மெட்டோகிட்டெஸ் மறக்கவில்லை. மறுபக்கம் இருப்பது மெலானியா என்ற துறவி, 'மங்கோலியரின் அரசி' என்று எழுத்து சொல்கிறது. ஆண்ட்ரோனிகோஸின் வேறு தாய்க்குப் பிறந்த சகோதரி மரியா பாலையோலோகினா என்று இவரைப் பெரும்பாலோர் அடையாளம் காண்கிறார்கள். பாரசீகத்தை ஆண்ட மங்கோலிய மன்னன் ஹுலாகுவுக்கு மணமுடிக்க அனுப்பப்பட்டவர். போய்ச் சேர்வதற்குள் ஹுலாகு இறந்துவிட, அவன் மகன் அபாகாவுக்கு மனைவியானார். அபாகா இறந்த பிறகு ஊர் திரும்பித் துறவியானார். அவர் ஆதரித்த 'மங்கோலியரின் மரியாள்' தேவாலயம் பக்கத்துப் பகுதியான ஃபெனரில் இன்றும் இருக்கிறது. அந்த நகரத்தின் பைசாந்திய தேவாலயங்களில் ஒருபோதும் மசூதியாகாமல் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சபையிடமே தொடர்ந்து இருந்துவருவது அது ஒன்றுதான். நேரம் இருந்தால் அங்கேயும் போய் வாருங்கள்.

மையக் கூடத்துக்குள் நுழையும் கதவுக்கு மேலே நம் அமைச்சர் இருக்கிறார். சிம்மாசனத்தில் கிறிஸ்து. அவருக்கு ஒரு பக்கமாக மெட்டோகிட்டெஸ் மண்டியிட்டு, கோராவின் சிறிய மாதிரியை இரண்டு கையாலும் நீட்டுகிறார். தலையில் பூசணிக்காய் அளவுக்கு உப்பிய, வெள்ளையும் தங்கமுமாக வரியிட்ட தொப்பி. உடம்பில் பூவேலை செய்த நீண்ட அங்கி. கடவுளின் முன்னால்கூடப் பதவிக்குரிய தொப்பியைக் கழற்றவில்லையே என்று முதலில் எனக்குச் சங்கடமாக இருந்தது. பிறகு பார்க்கப் பார்க்க, அந்த முகத்தில் இருக்கும் பதற்றம்தான் பெரிதாகத் தெரிந்தது. அருகில் அவருடைய பெயரும், கருவூலத் தலைவர் என்ற பதவியும், நிறுவியவர் என்ற சொல்லும் இருக்கின்றன. கொடுப்பவர் யார் என்பதில் யாருக்கும் குழப்பம் வந்துவிடக் கூடாது என்று நினைத்திருக்கிறார்.

மொசைக் எப்படிச் செய்தார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு போனால் கண் வேறுமாதிரி பார்க்கும். சுவரில் சுண்ணாம்புச் சாந்தை அடுக்கடுக்காகப் பூசி, கடைசி அடுக்கு ஈரமாக இருக்கும்போதே அதன் மேல் நிறத்தில் படத்தைத் தீட்டிக்கொண்டு, சில்லுகளை ஒவ்வொன்றாக அழுத்துவார்கள். பெரும்பாலும் நிறக் கண்ணாடிச் சில்லுகள், சில இடங்களில் கல். தங்கச் சில்லு என்பது கண்ணாடியின் மேல் தங்கத் தகடு ஒட்டி, அதற்கும் மேல் இன்னொரு மெல்லிய கண்ணாடிப் படலம் வைத்தது. முகங்களில் சில்லுகள் மிகச் சிறியவை. கன்னத்தின் வளைவோடு சேர்ந்து அவற்றின் வரிசையும் வளையும். கையால் பதித்த பரப்பு சமமாக இருக்காது. நீங்கள் இரண்டு அடி நகர்ந்தால் ஒளி வேறு சில்லுகளில் பட்டு, பின்னணி முழுவதும் அசைவது போல இருக்கும். எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். புகைப்படத்தில் இது வராது.

மையக் கூடத்தின் உள்ளே, வாசலுக்கு மேல் மரியாளின் மறைவு இருக்கிறது. ஆர்த்தடாக்ஸ் மரபில் அதற்குத் துயில் என்று பெயர். கட்டிலில் அவள் கிடக்க, பின்னால் நிற்கும் கிறிஸ்து துணியில் சுற்றிய ஒரு சின்னக் குழந்தையைக் கையில் வைத்திருக்கிறார். அந்தக் குழந்தை அவளுடைய ஆன்மா. பிள்ளையைச் சுமந்தவளைக் கடைசியில் பிள்ளை சுமக்கிறது. இந்தக் கூடத்தின் பளிங்குச் சுவர்களையும் பாருங்கள். ஒரே கல்லை மெல்லிய பலகைகளாக அறுத்து, புத்தகம் விரித்தது போல் அருகருகே ஒட்டியிருப்பதால் கல்லின் கோடுகளே ஓவியமாகி நிற்கின்றன.

இப்போது தெற்குச் சிற்றாலயம். இங்கே தங்கம் இல்லை, எல்லாம் ஈரச் சுண்ணாம்பில் தீட்டிய சுவரோவியம். இது கல்லறை ஆலயம். இரண்டு பக்கச் சுவர்களிலும் வளைவான குழிவுகளில் சவப்பெட்டிகள் வைக்க இடம். மெட்டோகிட்டெஸ் தனக்கென்று ஒதுக்கிய இடமும் இங்கேதான், வடக்குச் சுவரில் என்பது பொதுவான கருத்து. அதனால் இங்கே தீட்டியிருப்பதெல்லாம் சாவையும் அதற்குப் பிறகு வருவதையும் பற்றியவை. கவிகையில் மரியாளும் தூதர்களும். அதன் கீழே யாக்கோபின் ஏணி, எரிந்தும் வேகாத முட்செடி, உடன்படிக்கைப் பெட்டி என்று மரியாளை முன்னறிவிப்பதாகச் சபை கருதும் பழைய ஏற்பாட்டுக் காட்சிகள். இன்னும் முன்னால் போனால் மேல்கூரை முழுக்க இறுதித் தீர்ப்பு. வானம் புத்தகச் சுருள் போலச் சுருட்டப்படும் என்று ஏசாயா சொன்னதை, நத்தைக்கூடு போல் சுருண்ட ஒரு வானத்தைத் தூதன் ஒருவன் தூக்கிக்கொண்டு பறப்பதாகவே வரைந்திருக்கிறார்கள். உள்ளே சூரியனும் சந்திரனும் நட்சத்திரங்களும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கீழே தராசு, நெருப்பு ஆறு, ஆபிரகாமின் மடியில் லாசரு, எரிகிற இடத்தில் ஐசுவரியவான். பணக்காரர் ஒருவர் தன் கல்லறைக்கு மேலே இந்தக் கதையையும் வரைய இடம் கொடுத்திருக்கிறார்.

கிழக்குக் கோடியின் அரைவட்டக் கூரையில்தான் உலகமே தேடி வந்து பார்க்கும் ஓவியம் இருக்கிறது: அனஸ்தாசிஸ், உயிர்த்தெழுதல். கல்லறையிலிருந்து கிறிஸ்து எழுவதை ஆர்த்தடாக்ஸ் மரபு பெரும்பாலும் நேரடியாக வரைவதில்லை. அவர் பாதாளத்துக்கு இறங்கி, அங்கே அடைபட்டிருந்தவர்களை வெளியே கொண்டுவருவதைத்தான் வரைகிறது. இங்கே கிறிஸ்து வெள்ளை உடையில், நட்சத்திரங்கள் தெறித்த ஒளிவட்டத்துக்குள், இரண்டு காலையும் அகல வைத்து ஊன்றியிருக்கிறார். ஒரு கையில் ஆதாம், மறு கையில் ஏவாள். இருவரும் தத்தம் கல்லறைப் பெட்டியிலிருந்து வெளியே இழுபடுகிறார்கள். ஏவாளின் சிவப்பு ஆடையும் ஆதாமின் நரைத்த தாடியும் அந்த வேகத்தில் பின்னால் அலைகின்றன. கைகளைக் கவனியுங்கள். அவர்கள் கையை அவர் பிடிக்கவில்லை, மணிக்கட்டைப் பிடித்திருக்கிறார். கையைப் பிடித்தால் இருவரும் சேர்ந்து பிடித்த மாதிரி. மணிக்கட்டைப் பிடித்தால் முயற்சி முழுக்கத் தூக்குபவருடையது. காலடியில் உடைந்த கதவுகள், சிதறிய பூட்டுகள், சாவிகள், ஆணிகள். அவற்றுக்கு நடுவே கைகால் கட்டப்பட்ட சாத்தான். ஒரு பக்கம் யோவான் ஸ்நானன், தாவீது, சாலமோன். மறு பக்கம் ஆட்டு இடையன் கோலோடு ஆபேல், முதன்முதலில் செத்தவன். அருகிலுள்ள வளைவில் யவீருவின் மகளும் நாயீனூர் விதவையின் மகனும் உயிர்பெற்று எழுகிறார்கள். இதைத் தீட்டியவரின் பெயர் நமக்கு வந்து சேரவில்லை.

மெட்டோகிட்டெஸுக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். 1328-இல் பேரரசரின் பேரன் மூன்றாம் ஆண்ட்ரோனிகோஸ் தாத்தாவை இறக்கிவிட்டு ஆட்சியைப் பிடித்தான். கூட்டம் புகுந்து மெட்டோகிட்டெஸின் மாளிகையைச் சூறையாடியது. அவரை இன்று கிரேக்கத்தில் இருக்கும் திதிமோட்டிகோ என்ற ஊருக்கு நாடுகடத்தினார்கள். தொலைவில் இருந்தபோதும் கோராவின் நூலகத்தைப் பற்றியே அவர் கவலைப்பட்டார். 1330-இல் திரும்ப அனுமதி கிடைத்தது. மாளிகை இல்லை, கோரா இருந்தது. அங்கேயே தியோலெப்டோஸ் என்ற பெயரில் துறவியாகி, 1332 மார்ச்சில் இறந்தார். அந்தப் பெரிய தொப்பியோடு மண்டியிட்ட படத்துக்குக் கீழே, கடைசி இரண்டு வருடமும் சாதாரணத் துறவி உடையில் அவர் எத்தனை முறை நடந்திருப்பார்!

1453 முற்றுகையின்போது, நகரத்தைக் காக்கும் என்று மக்கள் நம்பிய ஹோடிகித்ரியா மரியாள் திருவுருவத்தை மதிலுக்கு அருகில் இருந்த கோராவில்தான் கொண்டுவந்து வைத்தார்கள். நகரம் வீழ்ந்த நாளில் அது துண்டாக்கப்பட்டது. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இரண்டாம் பாயசித் சுல்தானின் அமைச்சர் அதிக் அலி பாஷா தேவாலயத்தை மசூதியாக்கினார். படங்களைக் கொத்தி எறியவில்லை. சிலவற்றை மரப்பலகையால் மூடினார்கள், சிலவற்றின் மேல் சுண்ணாம்பு பூசினார்கள். பூகம்பங்கள்தான் அதிக நாசம் செய்தன. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பயணிகள் இதை 'மொசைக் மசூதி' என்றே அழைத்தார்கள். 1945-இல் அருங்காட்சியகமாக்க அரசு முடிவெடுத்தது. தாமஸ் விட்டிமோர் தொடங்கி, அவருக்குப் பின் பால் அண்டர்வுட் தொடர்ந்து, 1948 முதல் பத்து வருடம் அமெரிக்க பைசாந்திய நிறுவனத்தார் அங்குலம் அங்குலமாகச் சுத்தம் செய்து வெளிக்கொணர்ந்தார்கள். சிற்றாலயத்து ஓவியங்களின் முழு அழகும் அப்போதுதான் தெரிந்தது. 1958-இல் மக்களுக்குத் திறந்தார்கள்.

2020 ஆகஸ்டில் துருக்கி அரசு இதை மறுபடி மசூதியாக்க ஆணையிட்டது. நீண்ட பராமரிப்புப் பணிக்குப் பிறகு 2024 மே மாதம் தொழுகைக்குத் திறந்தார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு. அருங்காட்சியகமாக இருந்தபோது இரண்டு மரபினரும் அதைத் தங்களுடையது என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. தொழுகையின்போது மையக் கூடத்து மொசைக்குகளைத் திரையிட்டு மறைக்கிறார்கள். ஆனால் நான் மேலே விவரித்தவற்றில் பெரும்பகுதி முன்மண்டபங்களிலும் சிற்றாலயத்திலும்தான் இருக்கிறது. அதனால் 'இனிமேல் போய்ப் பயனில்லை' என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

எதீர்னேகாபி மதில் வாயிலிலிருந்து சில நிமிட நடைதான். வெள்ளிக்கிழமையும் தொழுகை நேரமும் தவிர்த்துக் காலையிலேயே போங்கள். மசூதிக்கு ஏற்ற உடை வேண்டும், பெண்கள் தலைக்கு ஒரு துணி கொண்டுபோவது நல்லது. சின்ன பைனாகுலர் இருந்தால் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். மேல்கவிகைகளில் இருக்கும் கிறிஸ்துவின் மூதாதையர் முகங்கள் வெறும் கண்ணுக்குப் பிடிபடாது. வெளி முன்மண்டபம், உள் முன்மண்டபம், மையக் கூடம், கடைசியாகச் சிற்றாலயம் என்ற வரிசையில் பாருங்கள். சிற்றாலயத்துக்கு மட்டும் குறைந்தது அரை மணி நேரம் விட்டுவையுங்கள்.